எண்ணப்பட்டோரும் எழுதப்பட்டோரும்

குடும்ப வரலாறு எழுத முனைவோர்க்கு மேலை நாடுகளில் முதற்கருவியாய் அமைவது குடிமதிப்புக் கணக்கு. இங்கிலாந்தில் 1841 தொட்டு வீடுதோறும் எழுதப்பெற்ற பெயர்ப்பட்டியல்கள் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அவ்வழியே மதுரைக் குடும்பமொன்றின் முன்னோரைத் தேடப் புகுவோர் வெறுங்கையராய்த் திரும்ப நேரும்.

இங்குக் கணக்கெடுப்பு நிகழாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1871இல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. 1881 முதல் நாடு முழுவதற்கும் பத்தாண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. 1901இல் மதுரை நகரில் 1,05,984 பேர் எண்ணப்பட்டனர். சாதி, சமயம், தொழில், தாய்மொழி, எழுத்தறிவு யாவும் கேட்டெழுதப்பட்டன. பின்னர் அவை ஆளுக்கொரு சீட்டாகப் படியெடுக்கப்பட்டன. சமயத்துக்கொரு நிறத்தில் சீட்டு. தொகை அச்சேறிய பின் மூலத்தாள்கள் காக்கப்படவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் தனியாள் குறிப்புகளை எவரும் பார்வையிட இடந்தரவில்லை. அரசுக்கு வேண்டியிருந்தது தொகையே, ஆள் அன்று.

பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மனைவி, மகள் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் 'பெண்' என்று மட்டும் குறித்துக்கொள்ளுமாறு கணக்கெடுப்போர்க்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. தாள்கள் எஞ்சியிருப்பினும் நம் பாட்டியர் பலர் அவற்றில் பெயரிலிகளாகவே இருந்திருப்பர்!

பெயரைத் தவறாது எழுதிய ஏடுகளும் உள. அவை ஐயுற்று எழுதியவை. அல்லது கூலிக்கு ஆள் பிடிக்க எழுதியவை. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரக் கள்ளர் சமூகத்தார்மீது 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டபோது, ஆடவர் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பெயருக்கு நேரே கைரேகையும் பதிந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். இரவில் வெளியூர் செல்ல 'ராத்திரிச் சீட்டு' வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கியது. உழுதுண்டு வாழ்ந்த ஒரு பாட்டனின் பெயர் அரசேட்டில் இடம்பெறக் குற்றவாளி என்னும் பட்டம் தேவைப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் எளிதில் கடந்துசெல்லலாகாது.

மற்றொன்று கப்பலேடு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியோர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன்கீழ்ப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம். ஊரில் 'பெண்' என்றடங்கக்கூடியவள் இங்குத் தன் பெயராலேயே நிற்கிறாள்.

ஆயினும் ஆங்கில எழுத்தர் செவிப்புலனை நம்பி எழுதிய ஊர்ப்பெயர்கள் எளிதில் பிடிபடா. மதுரைச் சீமையில் 'பட்டி' என முடியும் ஊர்களுக்கு அளவேது? கடல் கடந்தோர் வழிவந்தவர் அவ்வேட்டின் படியோடு இங்கு வருங்கால், ஊர்ப்பெயரோடு குலதெய்வத்தின் பெயரையும் கேட்டறிதல் நன்று. ஊர் பலவாயினும் கோயில் பெரும்பாலும் ஒன்றே. மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் அனைவரும் அங்குக் கூடுவர்.