எண்ணை விடுவதா, வீட்டை விடுவதா?

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒரு விமானி எப்படி வாழ்வார் என்பதை அவர் பறந்த மணிக்கணக்கு முடிவு செய்வதில்லை. வேலையில் சேர்ந்த தேதிதான் முடிவு செய்கிறது. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், சவுத்வெஸ்ட் நான்கிலும் இதே வழக்கம். சேரும்போது பணிமூப்புப் பட்டியலின் அடியில் ஓர் எண் கிடைக்கும். மேலே இருப்பவர்கள் ஓய்வு பெறப் பெற அந்த எண் முன்னேறும். பணி தொடங்கி முடியும் தளமான பேஸ் எந்த ஊரில், எந்த ரக விமானம், கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா, கிறிஸ்துமஸுக்கு லீவு உண்டா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே போவது என எல்லாவற்றுக்கும் அந்த எண்ணே பதில் சொல்லும். திறமை கூடுதலாக இருந்தாலும் மேலாளர் வேண்டியவராக இருந்தாலும் ஒரு படி முன்னால் போக முடியாது.

நம் நாட்டு வழக்கம் வேறு. இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் கேப்டன் இன்னொன்றில் கேப்டனாகவே சேரலாம். வெளியேறுவதில்தான் சிக்கல்: கேப்டன்கள் ஓராண்டும் துணை விமானிகள் ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017-ல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ விதித்தது. அமெரிக்காவில் இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிட்டுப் போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் துணை விமானியாக, பட்டியலின் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். அங்கே கதவு திறந்தே இருக்கிறது. எண்ணை மட்டும் எடுத்துப் போக முடியாது.

ஒப்பிட ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: கொலராடோவின் டென்வர். யுனைடெட்டுக்கும் சவுத்வெஸ்டுக்கும் அங்கே விமானிகள் பேஸ் உண்டு, டெல்டாவுக்கு இல்லை. டென்வரில் குடும்பத்தோடு வசித்தபடி டெல்டாவில் வேலை பார்க்கும் ஒருவர் நியூயார்க் பேஸில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் இரண்டு வழிகள்: டெல்டாவிலேயே எண்ணைக் காத்துக்கொண்டு இருப்பது, அல்லது யுனைடெட்டில் புதிதாகச் சேர்வது.

ஊதியம்

டெல்டா விமானிகள் 2023 மார்ச்சில் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அதே ஆண்டில் அமெரிக்கனும் யுனைடெட்டும், 2024 ஜனவரியில் சவுத்வெஸ்டும் அதைத் தொடர்ந்தன. ஆகவே நிறுவனத்துக்கு நிறுவனம் மணிக்கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் படியில் இருக்கிறது. ஊதியம் பணியாண்டுப்படி, ஏறத்தாழ 12-ஆம் ஆண்டு வரை, படிப்படியாக உயரும். மாறுகிறவர் முதல் படிக்கு இறங்குகிறார். பத்தாண்டு துணை விமானிக்கு மணிக்கூலி ஏறத்தாழப் பாதியாகும். அதே அனுபவமுள்ள கேப்டனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முதலாண்டுக்காரருக்கே மணிக்கு நூறு டாலருக்கு மேல் கிடைக்கிற இன்றைய நிலையில் அந்த வீழ்ச்சியில் குடும்பம் நொடித்துப்போகாது. ஆனாலும் இழந்த படிகளை ஏறி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். சம்பளத்தை மட்டும் பார்த்தால் இருப்பதே மேல்.

மாதத்தின் வடிவம்

விமானிகள் மாதந்தோறும் தங்கள் அட்டவணைக்கு 'பிட்' போடுவார்கள், அதாவது வேண்டிய பயணங்களையும் விடுமுறையையும் கேட்பார்கள். பட்டியலில் மேலே இருப்பவர்களுக்குக் கேட்ட பயணங்களும் கேட்ட விடுமுறையும் கிடைக்கும். நடுவில் இருப்பவர்கள் மிச்சத்தில் நல்லதைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். அடியில் இருப்பவர்களுக்கு ரிசர்வ்: பயணம் கையில் இல்லாமல், போன் வந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய காத்திருப்புப் பணி. வார இறுதிகளும் பண்டிகைகளும் அதில்தான் கழியும்.

இங்கே கவனிக்க வேண்டியது பட்டியலின் மொத்த எண் அல்ல, ஒரு பேஸில், ஒரு ரகத்தில், ஒரு இருக்கையில் ஒருவர் நிற்கும் இடம். துணை விமானிகளில் முதல் கால்வாசியில் இருப்பவர் கேப்டனானதும் கேப்டன்களில் கடைசியாகிவிடுவார், மறுபடி ரிசர்வுக்குப் போவார். 2023-ல் யுனைடெட்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் அறிவிக்கப்பட்ட கேப்டன் இடங்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஆள் வரவில்லை. கூடுதல் ஊதியமும் கேப்டனின் நான்கு பட்டையும் காத்திருந்தும், மாத அட்டவணை கையைவிட்டுப் போகும் என்று துணை விமானிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். பணிமூப்பு ஒரு பக்கம், வாழ்க்கைமுறை மறுபக்கம் என்று தராசில் வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எண்ணை வைத்து அவர்கள் வாங்குவதே வாழ்க்கைமுறையைத்தான்.

இந்த அளவிலும் இருப்பவர் கையே ஓங்குகிறது. மாறுகிறவர் ரிசர்விலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்கும் பேஸுக்கும் இடையே

கணக்கு தலைகீழாவது இங்கேதான். டென்வர்வாசிக்குத் திங்கள் காலை 6 மணிக்கு நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் ரிப்போர்ட் என்றால் ஞாயிறு மதியமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நியூயார்க் கடிகாரம் இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. முதல் விமானத்தில் பயணிகள் நிறைந்துவிட்டார்கள், அவருக்குக் காலி இருக்கை இல்லை. காக்பிட்டில் இருக்கும் மடக்கு இருக்கையான ஜம்ப்சீட்டை இன்னொரு விமானி முன்பே பிடித்துவிட்டார். இரண்டாவது விமானத்தில் இடம் கிடைத்து இரவு நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் இறங்குகிறார். குவீன்ஸ் பகுதியின் கியூ கார்டன்ஸில், விமானிகளும் பணிப்பெண்களும் கூட்டாக வாடகைக்கு எடுத்த ஒரு கிராஷ் பேட். அடுக்குக் கட்டில், ஒரே குளியலறை, குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்கள். வாடகை அவர் கைக்காசு. நான்கு நாள் பயணம் முடிந்து வியாழன் இரவு திரும்பும்போது டென்வருக்கான கடைசி விமானம் போயிருக்கும். வீடு சேர்வது வெள்ளி காலை.

நான்கு நாள் வேலை இப்படி ஆறு நாளைத் தின்கிறது. மாதம் மூன்று நான்கு முறை என்றால் ஆறு முதல் எட்டு விடுமுறை நாட்கள் ஊதியமில்லாமல் கரைகின்றன. அட்டவணையில் 15 நாள் ஓய்வு என்றிருந்தாலும் வீட்டில் கழிவது அதில் பாதிதான். இந்த அலைச்சலைச் சட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து நியூவார்க்கிலுள்ள பேஸுக்குப் பயணம் செய்து வந்தவர் என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்த விபத்தின் விளைவாக, 2014 ஜனவரியில் கடுமையான பணிநேர விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் இன்றும் பணிநேரம் பேஸில் ரிப்போர்ட் செய்யும்போதுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பயணம் விமானியின் சொந்தப் பாடு.

யுனைடெட்டுக்கு மாறி டென்வர் பேஸ் கிடைத்துவிட்டால் அதே ரிசர்வ் வேறு விதமாகிறது. போன் வரும்வரை வீட்டில் இருக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விடலாம், தோட்டத்தைப் பார்க்கலாம். போன் வராத நாளுக்கும் உறுதி ஊதியம் உண்டு. யுனைடெட்டின் பயிற்சி மையமும் டென்வரில்தான் இருப்பதால், புதிய ரக விமானத்துக்கான பயிற்சியை வீட்டில் தங்கியே முடிக்கலாம். நியூயார்க் பேஸில் நடுவரிசை எண்ணோடு அலைகிறவரைவிட, டென்வரில் கடைசி எண்ணோடு ரிசர்வில் இருப்பவர் அதிக இரவுகள் வீட்டில் தூங்குவார்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. எல்லோரும் குடியிருக்க விரும்பும் ஊரின் பேஸ் எப்போதும் மூத்தவர்களால் நிரம்பியிருக்கும். புதியவருக்கு முதலில் நியூவார்க்கோ சான் பிரான்சிஸ்கோவோதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மாறிய பிறகும் அலைச்சல் தொடரும், அதுவும் அடிமட்ட எண்ணோடு. ஒரு நிறுவனத்துக்கு வீட்டருகே பேஸ் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அந்த பேஸ் எந்த எண்ணுக்குக் கிடைக்கிறது, அந்த எண்ணை எட்ட எத்தனை ஆண்டாகும் என்று கேட்க வேண்டும். சவுத்வெஸ்டின் டென்வர் பேஸிலும் இதே கேள்வி உண்டு. அங்கே 737 ஒன்றே ரகம் என்பதால் இன்னொரு ரகத்துக்குத் தாவி முன்வரிசை பிடிக்கும் வழியும் இல்லை.

எண்ணின் ஆயுள்

நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான் எண்ணுக்கு உயிர். 1991-ல் ஈஸ்டர்ன், பான் ஆம் விமான நிறுவனங்கள் மூடப்பட்டபோது அவற்றின் மூத்த கேப்டன்களின் எண்கள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. 2001-ல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட பட்டியலின் வாலில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் முதலில் வெளியேறியதும் அவர்களே. அந்தக் கசப்பின் விளைவாக, இணைப்பின்போது பட்டியல்களை நியாயமாகக் கலக்க வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது.

மாறுகிறவருக்கு ஆபத்து உடனடியானது: கடைசியில் சேர்ந்தவரே முதலில் போவார். 2020 அக்டோபரில் அமெரிக்கன் ஏறத்தாழ 1,600 விமானிகளை ஊதியமில்லா விடுப்பில் அனுப்பியபோது பட்டியலின் அடியிலிருந்துதான் எண்ணத் தொடங்கியது. பதவி உயர்வுக் கணக்கும் விதி மாறினால் கவிழும். 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனபோது, மேலே இருந்தவர்கள் இறங்காததால் கீழே இருந்தவர்கள் ஐந்தாண்டு அதே இடத்தில் நின்றார்கள். அதை 67 ஆக்கும் முயற்சி 2024-ல் நிறைவேறவில்லை.

தீர்ப்பு

நம் டென்வர்வாசிக்கு வயது 34, டெல்டாவில் மூன்றாவது ஆண்டு என்றால், அவர் விட்டுக்கொடுப்பது மூன்று ஆண்டு எண்ணை. எதிரே இருப்பது 31 ஆண்டு. டென்வர் பேஸ் ஐந்தாறு ஆண்டில் கைக்கு எட்டினாலும் கால் நூற்றாண்டு அலைச்சல் மிச்சம். அவர் மாறலாம், இன்னும் ஓராண்டு யோசித்தால் விலை கூடத்தான் செய்யும்.

அவருக்கு வயது 49, கேப்டன், நினைத்த மாத அட்டவணையைப் பிடிக்கும் எண் கையில் இருக்கிறது என்றால் எதிரே 16 ஆண்டுதான். ஊதியப்படியை ஏறி முடிப்பதற்குள் அதில் பெரும்பங்கு போய்விடும். அந்த எண்ணைக் கொண்டு சால்ட் லேக் சிட்டி பேஸுக்கு மாறிக்கொள்வதே மலிவான வழி. டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்புதான். அதுவும் அலுத்தால் வீட்டை மாற்றலாம். ஐம்பதை நெருங்குகிறவருக்கு எண்ணை விடுவதைவிட வீட்டை விடுவதில் நட்டம் குறைவு. நிறுவனமே ஆட்டம் கண்டிருந்தால் மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும்: மூழ்கும் நிறுவனத்தின் முதல் எண்ணைவிடப் பிழைக்கும் நிறுவனத்தின் கடைசி எண் மேல்.

விண்ணப்பம் போடும் முன் மூன்றை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்: 65-க்கு இன்னும் எத்தனை ஆண்டு, புதிய பட்டியலில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஓய்வு பெறுவார்கள், காரில் போகக்கூடிய பேஸ் எந்த ஆண்டில் கிடைக்கும். மூன்றாவதற்கு விடை பத்தாண்டைத் தாண்டினால் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.