உள்நோயாளிகளுக்கான ஃபுளூ தடுப்பூசி நிலையாணை

மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே எழுதித் தராமலேயே, முன்னரே ஒப்புதல் பெற்ற நெறிமுறைப்படி தகுதியுள்ள உள்நோயாளிகளுக்குச் செவிலியர் ஃபுளூ தடுப்பூசி போட வழிசெய்யும் மருத்துவமனை ஏற்பாடு. நோய்த்தடுப்பு நிர்வாக முறைகளுள் ஒன்று. அமெரிக்காவில் பரவலாக வழக்கிலுள்ளது.

செவிலியர் நோயாளியிடம் இப்பருவத்தில் ஊசி போட்டாயிற்றா, முன்பு போட்டபோது கடும் ஒவ்வாமை ஏற்பட்டதா, போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன்-பாரே எனும் நரம்பு நோய் வந்ததா என விசாரிப்பார். தடையில்லையெனில், சம்மதம் பெற்று மேற்கைத் தசையில் ஊசி போட்டு, மருத்துவப் பதிவேட்டில் குறிப்பார். கடுமையாக நோயுற்றிருப்போருக்கு ஊசி தள்ளிவைக்கப்படும். லேசான சளி தடையன்று.

முதியோர், இதயநோயாளிகள், நுரையீரல் நோயாளிகள் ஆகியோருக்கு ஃபுளூவால் ஆபத்து மிகுதி. அடிக்கடி மருத்துவமனையில் சேர்வோரும் அவர்களே. ஆயினும், வந்த நோயைக் கவனிக்கும் மும்முரத்தில் தடுப்பூசி விடுபட்டுப்போகிறது. மருத்துவருக்கு நினைவூட்டுவது மட்டும் இதற்குப் போதவில்லை. 2004-இல் வெளியான இண்டியானாபொலிஸ் நகர ஆய்வில், மருத்துவருக்குக் கணினி நினைவூட்டிய பிரிவில் தகுதியுள்ளோரில் 30 விழுக்காட்டினரும், நோயாளி வீடு திரும்பும் வேளையில் செவிலியருக்குக் கணினியே ஆணை அளித்த பிரிவில் 42 விழுக்காட்டினரும் ஊசி பெற்றனர். நினைவூட்டலைவிட அதிகாரப் பகிர்வே வலுவானது என்பதற்கு இது தெளிவான சான்று.

அமெரிக்க நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு 2000-இல் நிலையாணை முறையைப் பரிந்துரைத்தது. அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்ட மருத்துவமனைகளில் இவ்வூசிக்குத் தனி மருத்துவர் கையொப்பம் வேண்டும் என்ற விதி 2002-இல் நீக்கப்பட்டது.

உள்நோயாளியாக இருக்கும்போதே ஊசி போடுவதன் பயனுக்கும் சான்று உண்டு: மாரடைப்புக்குப்பின் மருத்துவமனையிலேயே ஊசி போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2021-இல் வெளியானது. ஓராண்டில் இறப்பு, மறு மாரடைப்பு, இதயக் குழாயுள் பொருத்திய ஸ்டென்ட்டில் உறைகட்டி ஆகியவற்றின் கூட்டு விகிதம் ஊசி பெற்றோரில் 5.3 விழுக்காடு, பெறாதோரில் 7.2 விழுக்காடு.