சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில்

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் 2004 வரை ஓடிய புறநகர் ரயில் சேவை. மீட்டர் கேஜில் மின்மயமான பாதை இந்தியாவிலேயே இது ஒன்றுதான்.

பம்பாயில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1925இல். ஆறே ஆண்டுகளில் சென்னைக்கும் அது வந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வே 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் அமைத்த இப்பாதையை ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி 1931 ஏப்ரலில் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்தனர்.

அன்றைய தாம்பரம் நகரத்துக்கு வெகு வெளியே இருந்த ஊர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு அங்கே குடியேறியது. நேரத்துக்கு வரும் ரயில் இல்லாமல் அப்படியோர் இடமாற்றத்தை எண்ணிப் பார்ப்பதே கடினம். காசநோய் மருத்துவமனையால் பெயர்பெற்ற சானடோரியமும், தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையும், பல்லாவரமும் ஸ்டேஷனைச் சுற்றியே வளர்ந்தன. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம் என்பதே மனைக்கு விலை வைத்தது. சீசன் டிக்கெட்டும் சோற்று டப்பாவுமாக அலுவலகம் போகும் ஒரு நடுத்தர வர்க்கத்தைத் தென்சென்னையில் உருவாக்கியதில் இந்த ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

நகருக்குள் 1895 முதல் ஓடிய டிராம் 1953இல் நின்றுபோனது. மின்ரயிலோ மேலும் வலுப்பெற்றது. 1960களில் பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறி விழுப்புரம் வரை நீண்டது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். மீட்டர் கேஜுக்கென்றே மின்தொடர் வண்டிகளைக் கட்டித் தந்தது. 1977இல் வந்த, மதுரைக்குச் செல்லும் வைகை எக்ஸ்பிரஸும் விழுப்புரம் வரை மின் எஞ்சினில்தான் பாய்ந்தது.

இந்தச் சேவை கூட்டமில்லாமல் நலிந்ததல்ல. நாடெங்கும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் 1992இல் தொடங்கியபின் மீட்டர் கேஜுக்கு எதிர்காலம் இல்லாமல் போயிற்று. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் விரைவு ரயில்கள் 1990களின் இறுதியில் அகலப் பாதைக்கு மாறின. அதன்பின் சில ஆண்டுகள் இருவகைத் தண்டவாளங்களிலும் புறநகர் ரயில்கள் அருகருகே ஓடின. பயணிகள் பெருகிய வழித்தடத்துக்கு அகலமான பெட்டிகள் தேவைப்பட்டதால் மாற்றம் நியாயமானதே. 2004ஆம் ஆண்டின் நடுவில் கடைசி மீட்டர் கேஜ் மின்ரயிலும் நிறுத்தப்பட்டது.

அகலப் பாதை வந்தபின் தாம்பரம் புறநகர் நிலையமாக மட்டும் நிற்கவில்லை. சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்தபடியாக, நெடுந்தூர ரயில்கள் புறப்படும் மூன்றாவது முனையமாகவும் அது வளர்ந்துள்ளது.