வாடகையும் வரலாறும்: ஜார்ஜ்டவுன் கடைத்தெருக்கள்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆளுநர்கள், கோட்டைகள், துறைமுகங்கள் ஆகியவற்றிலிருந்தே தொடங்குவர். கடைக்காரர் மாதந்தோறும் செலுத்திய வாடகையிலிருந்து தொடங்குவோர் அரியர். எனினும் ஒரு தெருவில் யார் வாழ்ந்தனர், எந்தத் தொழில் நிலைத்தது, எம்மொழி ஒலித்தது என்பவற்றைத் தீர்மானிக்கும் ஆற்றல் வாடகைக்கு உண்டு. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரம் இதற்குத் தெளிவான சான்றாகும். அதன் கடைத்தெருக்களில் தமிழ் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வாணிக மொழியாக வழங்கி வந்திருக்கிறது. அவ்வழக்கு எவ்வாறு வேரூன்றியது, எதனால் தளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீர்வையில்லாத் துறைமுகம்

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைப்பற்றினார். வணிகர்களை ஈர்க்கும் பொருட்டு அது தீர்வையில்லாத் துறைமுகமாக்கப்பட்டது. இடையில் சில காலம் வரி விதிக்கப்பட்டபோதிலும், தீர்வையின்மையே நகரத்தின் அடிப்படைக் கொள்கையாக நெடுங்காலம் விளங்கியது.

லைட் வகுத்த முதல் நகரமைப்பு லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்னும் நான்கு தெருக்களுக்கு உட்பட்டது. அவற்றுள் ஒன்று சூலியாக்களின் பெயரைத் தாங்கி நிற்பது கருதத்தக்கது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையே அன்றைய ஆவணங்கள் சூலியாக்கள் என்று குறித்தன. 1794இல் லைட் எழுதிய அறிக்கை, ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் கடை வைத்தும் கூலிவேலை செய்தும் தீவில் வாழ்வதாகவும், அவர்களைத் தவிர ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, பொருளீட்டித் திரும்புவதாகவும் தெரிவிக்கிறது. கும்பினியின் கொடி ஏறி எட்டே ஆண்டுகளில் இந்நிலை உருவாகியிருந்தது.

வணிகம் நிலைபெற்ற இடத்தில் வழிபாடும் நிலைபெற்றது. 1801இல் காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் குவீன் தெருவில் அமைந்த மகா மாரியம்மன் ஆலயமும் இன்றும் ஒன்றற்கொன்று அண்மையில் நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியும் அதனை அடுத்த மார்க்கெட் தெருவும் தமிழரின் கடைத்தெருவாயின. 1880களில் கடற்கரை தூர்க்கப்பட்டு வெல்டு கரை உருவானபின், பீச் தெரு தன் பெயருக்குரிய கடலை இழந்தது. ஆயினும் துறைமுகத்திற்கும் கடைத்தெருவிற்கும் இடையிலான தொலைவு நடந்து கடக்கும் அளவினதாகவே இருந்தது. கப்பலில் இறங்கிய சரக்கு, சில மணி நேரத்தில் கடையை வந்தடைந்தது.

கிட்டங்கியும் பேரேடும்

பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் அமைந்தன. கிட்டங்கி என்பது ஒரே கூரையின்கீழ்ப் பல வட்டிக்கடைகள் இயங்கிய நீண்ட கூடம். ஒவ்வொரு கடைக்கும் உரியவை ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு விலாசம் ஆகியவையே. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் இங்கே பொறுப்பேற்பார். அவருக்குக் கீழே அடுத்தாளும், தொழில் பழகும் பெட்டியடிப் பையனும் இருப்பர். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்னும் கணக்குமுறை முழுவதும் தமிழிலேயே நடைபெற்றது. தோட்டம் திறந்தவர், ஈயச் சுரங்கம் தோண்டியவர், கடை வைத்தவர் எனப் பல இனத்தாரும் பெற்ற கடன்கள் தமிழ் எண்ணிலும் எழுத்திலும் பதிவாயின. தமிழ், வீட்டு மொழியாக மட்டும் வழங்காது நிதி மொழியாகவும் இயங்கியது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கடைத்தெருவின் வருவாய் அறச்செயலுக்கும் சென்றது. 1857இல் நகரத்தார் தண்ணீர்மலையடியில் தண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பினர். தைப்பூசத்தின்போது வெள்ளித்தேர் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு அவ்வாலயத்தைச் சென்றடைகிறது. தேர் செல்லும் வழி, பணம் ஈட்டப்பட்ட தெருவையும் அது செலவிடப்பட்ட கோயிலையும் இணைக்கும் கோடாகவே அமைந்துள்ளது.

இதே நகரத்தில் 1880களில் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். வாசகரும் விளம்பரம் தருவோரும் ஒரே தெருவில் கிடைத்த காலம் அது. கடைகளுக்கு முன்னுள்ள நடைவழியை நம்மவர் ‘அஞ்சடி’ என்றனர். அங்கே சுவரை ஒட்டி வெற்றிலையும் சுருட்டும் விற்ற சிறுகடை ‘ஒட்டுக்கடை’ ஆயிற்று. இவ்வூர் வாழ்க்கையிலேயே பிறந்த சொற்கள் இவை.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மலாயா நகரங்களில் கடும் வீட்டுப் பற்றாக்குறை நிலவியது. வாடகை எல்லைமீறி உயராதிருக்க 1948இல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாகத் தொடர்ந்தது. 1948 ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தியது. போருக்கு முந்தைய கடைவீடுகள் செறிந்திருந்த ஜார்ஜ்டவுனில் அதன் தாக்கம் மிகப் பெரிதாயிற்று.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டன. குறைந்த வருவாயுடைய பொற்கொல்லரும், பூக்கட்டுவோரும், சிறு புத்தகக் கடையினரும், மளிகைக் கடைக்காரரும் நகரின் நடுவிலேயே பல்லாண்டு வாழ முடிந்தது. கீழே கடை, மேலே குடும்பம் என்னும் வாழ்முறை தொடர்ந்தது. மறுபுறம், சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் கட்டடத்தைப் பழுதுபார்க்க முன்வரவில்லை. ஓடுகள் சரிந்தன, சுவர்களில் செடிகள் முளைத்தன. சில முதன்மைக் குத்தகைதாரர், உரிமையாளருக்குச் சிறு தொகை செலுத்திவிட்டு, அறைகளை உள்வாடகைக்கு விட்டுக் கூடுதல் பொருள் ஈட்டியதும் உண்டு. எனவே அச்சட்டத்தை முற்றிலும் போற்றவோ முற்றிலும் பழிக்கவோ இயலாது. பழைய ஜார்ஜ்டவுன் இடிபடாமல் எஞ்சியதற்கு அது முதன்மைக் காரணம். அந்நகரம் சிதிலமடைந்ததற்கும் அதுவே ஒரு காரணம்.

துறைமுகத்திலிருந்து தொழிற்சாலைக்கு

கட்டடங்கள் நிலைத்திருந்த இக்காலத்திலேயே வணிகத்தின் அடித்தளம் மாறத் தொடங்கியது. வங்கிகள் பெருகின, 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம் வட்டித் தொழிலை உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது, கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. சொந்த ஊரிலிருந்து பையன்களை வரவழைத்துத் தொழில் பழக்கும் முறை இதனால் முறிந்தது. 1969இல் தீவு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியையும் இழந்தது. ஏற்றுமதி, இறக்குமதிக் கடைகளுக்கு அது பேரிடியாக அமைந்தது.

அவ்வாண்டில் முதலமைச்சரான துன் லிம் சோங் இயூ, வேலையின்மையைத் தீர்க்கத் தொழில்மயத்தை நாடினார். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் வந்தன. நகரின் நடுவே, 1974இல் பழைய கடைவீடுகள் இருந்த பெருநிலப்பரப்பில் கொம்தார் கட்டடப் பணி தொடங்கிற்று. 65 மாடிக் கோபுரம் எழுந்தது. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் தீவைத் தீபகற்பத்துடன் இணைத்தது. படகுத்துறையில் இறங்கிக் கடைத்தெரு வழியே நடந்த மக்களில் ஒரு பகுதியினர், இனி அப்பக்கம் வராமலேயே தம் காரியங்களை முடித்துக்கொள்ளலாயினர். தெற்கே புதுக் குடியிருப்புகளும் பேரங்காடிகளும் வளர வளர, பழைய நகரம் பண்டிகைக் காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும் இடமாகச் சுருங்கியது.

2000 ஜனவரி முதல் நாள்

வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறியது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிந்தது. மறுநாள் முதல் உரிமையாளர் சந்தை நிலவரப்படி வாடகை கேட்கலாம். பல மடங்கு உயர்ந்த வாடகையைச் செலுத்த இயலாத குடும்பங்கள் வெளியேறின. சில கடைகள் புறநகருக்குப் பெயர்ந்தன. மூப்படைந்த தொழிலாளர் பலர் தொழிலையே கைவிட்டனர். ஆளில்லாக் கடைவீடுகளில் உழவாரக் குருவிகளை ஈர்த்துக் கூடு சேகரிக்கும் தொழில் பரவியது. மனிதர் வாழ்ந்த மேல்மாடிகளில் பறவையொலிப் பதிவுகள் ஒலித்தன. பாரம்பரிய வட்டாரத்திலிருந்து அத்தொழிலை அகற்ற அரசு பின்னர் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று.

உலகப் பாரம்பரியம்

2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதியும் அதனைச் சூழ்ந்த காப்புப் பகுதியுமாக 259.42 ஹெக்டேர் நிலம் இதில் அடங்கும். இந்த ஏற்பு மூன்று அளவுகோல்களின்கீழ் வழங்கப்பட்டது. வணிகத்தால் நிகழ்ந்த பண்பாட்டுப் பரிமாற்றம் முதலாவது. பல்லின மக்களின் வாழும் மரபு இரண்டாவது. கடைவீடுகளும் நகரத் தோற்றமும் மூன்றாவது. முதல் இரண்டும் மக்களைப் பற்றியவை. மூன்றாவதே கட்டடத்தைப் பற்றியது.

நடைமுறையில் பாதுகாப்பு எதன்மேல் விழுந்தது என்று நோக்குதல் வேண்டும். கட்டடத்தின் உயரம், முகப்பு, ஓடு, சன்னல் ஆகியவற்றிற்கு விதிகள் வகுக்கலாம், மீறியவரைத் தண்டிக்கலாம். பூக்கட்டுபவர் அதே தெருவில் தொடர வேண்டும் என்று விதி வகுப்பது எளிதன்று. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய சுவரோவியங்கள் புகழ்பெற்றன, சுற்றுப்பயணிகள் திரண்டனர். தங்குவிடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. பாழடைந்த வீடுகள் புதுப்பொலிவு பெற்றதும், நகரத்திற்கு வருவாய் வந்ததும் மறுக்கவியலாத நன்மைகள். ஆனால் ஒரு தெருவின் புகழ் உயரும்போது அதன் வாடகையும் உயர்கிறது. எந்தத் தொழில்களுக்காக அத்தெரு புகழ்பெற்றதோ அவை அவ்வாடகையைத் தாங்க இயலாமற் போகின்றன.

‘லிட்டில் இந்தியா’ எனப்படும் பகுதி இன்றும் உயிர்ப்புடன் விளங்குகிறது. சேலைக் கடைகள், உணவகங்கள், நகைக்கடைகள், பணமாற்றுக் கடைகள் ஆகியவை அங்கே இயங்குகின்றன. ஆயினும் முடிதிருத்தகம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்று துறைகளிலும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது 2009 முதல் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டது. உள்ளூர் இளைஞரோ அத்தொழில்களை நாடுவது குறைவு. வாடகை ஒருபுறமும் ஆள்பற்றாக்குறை மறுபுறமும் நெருக்க, தொழில்நுட்பத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் வழி குறுகி வருகிறது.

மொழிக்கு நேர்ந்தது

இம்மாற்றங்களால் தமிழுக்கு நேர்ந்தது யாது? ஆலயத்திலும் பள்ளியிலும் தமிழ் தொடர்கிறது. ஆனால் விலை பேசவும், கணக்கெழுதவும், கடன் கொடுக்கவும், தொழில் கற்பிக்கவும் பயன்பட்ட தமிழ் மெலிந்துவிட்டது. ஐந்தொகை, பற்றுவரவு, அடுத்தாள், கிட்டங்கி ஆகிய சொற்களை அகராதியில் காணும் மாணவர், அவை தம் ஊரின் தெருக்களில் அன்றாடம் புழங்கியவை என்பதை அறியார். உழைப்போடு பிணைந்த சொல், உழைப்பு மறையும்போது தானும் மறைகிறது. வகுப்பறையில் மட்டும் வாழும் மொழியைக் கற்பதற்கு மாணவரிடம் காரணம் கூறுவது ஆசிரியர்க்கு நாளுக்கு நாள் கடினமாகி வருவதும் இதனாலேயே.

வாடகையைக் குறைக்கும் அதிகாரம் ஆசிரியர்க்கு இல்லை. பதிவு செய்யும் ஆற்றல் அவர்க்கு உண்டு. ஒரு பள்ளி ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். இயங்கும் கடைகளையும் மூடப்பட்ட கடைகளையும் மாணவர் நிரல்படுத்தலாம், பெயர்ப்பலகைகளைப் படமெடுக்கலாம், பழைய பேரேடுகளைக் குடும்பத்தாரின் இசைவுடன் படியெடுக்கலாம், முதிய தொழிலாளரிடம் அவர்தம் கருவிகளுக்கும் செய்முறைகளுக்கும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதலாம். அவ்வாறு திரட்டியவை மொழிப்பாடத்திற்கும் வரலாற்றுப் பாடத்திற்கும் ஒருங்கே பயன்படும். நகரமன்றமும் பாரம்பரிய நிறுவனங்களும் எந்தத் தொழிலுக்கு உதவ வேண்டும் என்று ஆராயும்போது, தமிழர் தரப்பில் முன்வைக்க அப்போது ஆவணம் இருக்கும்.

இப்பணி ஜார்ஜ்டவுனுக்கு மட்டும் உரியதன்று. ஈப்போவிலும் கிள்ளானிலும் சிரம்பானிலும் இத்தகைய கடைத்தெருக்கள் உள்ளன. அந்நகரங்களும் வளர்ந்து வருகின்றன. அங்கெல்லாம் பேரேட்டைப் படித்துப் பொருள் சொல்லவல்ல முதியோர் சிலரேனும் இன்னும் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் செல்ல வேண்டிய காலம் இதுவே.