கவசம் பெட்டியில் வராது

சூரமங்கலத்திலிருந்து பேசறேன். 2024 பிப்ரவரியில சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல முதல் தடவையா காமிக் கான் நடந்துச்சு. அதிலிருந்து என் நண்பர்கள் வட்டத்துல ஒரே கேள்வி: "ஸ்டார் வார்ஸ் மாதிரி முழுக் கவசம் போடணும்டா, முதல் கிட் எதை வாங்கறது?" விலைப்பட்டியலை மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கவசம் எதுக்காகப் பிறந்துச்சுன்னு தெரிஞ்சா பதில் தானா வரும். அதனால இன்னைக்கு வரலாறு.

1976. ரால்ஃப் மெக்குவாரி வரைஞ்ச ஓவியத்தைப் பார்த்து நிக் பெம்பர்டன் களிமண்ணுல ஒரு ஹெல்மெட் மாதிரி செஞ்சார். லண்டன் பக்கம் ட்விக்கன்ஹாம்ல பட்டறை வெச்சிருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் அதை பிளாஸ்டிக்கா மாத்தினார். முறையின் பேர் வேக்யூம் ஃபார்மிங். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக வெச்சு, அச்சு மேல போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தா, தகடு அச்சோட அப்படியே ஒட்டிக்கும். பேக்கரியில பேஸ்ட்ரிக்கு மேல வர்ற மெல்லிய மூடியும் இதே முறையில செய்யறதுதான். படத்துக்காக அவர் 50 ஹெல்மெட் செஞ்சு கொடுத்தார்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. அது கேமராவுக்காகச் செஞ்ச பொருள். ஷாட்ல நல்லாத் தெரிஞ்சாப் போதும். போட்டவருக்கு எதிரே என்ன இருக்குன்னு சரியாத் தெரியுதா, உட்கார முடியுதாங்கறதெல்லாம் அப்புறம். 1977-ல வந்த படத்திலேயே ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர் கதவுல தலையை முட்டிக்கற காட்சி இருக்கு. இன்னைக்கும் ரசிகர்கள் அதைத் தேடிப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

அந்தக் கவசத்தை மணிக்கணக்கா போட்டு நடக்கிற உடையா மாத்தினவங்க ரசிகர்கள். 1997-ல அமெரிக்காவின் சவுத் கரோலினாவில ஆல்பின் ஜான்சன் '501வது லீஜியன்' ஆரம்பிச்சார். எங்கே பட்டை கட்டணும், எங்கே அழுத்துப் பொத்தான் வைக்கணும், ஹெல்மெட் உள்ளே குட்டி ஃபேன் எப்படிப் பொருத்தணும்னு இந்த மாதிரிக் கூட்டங்கள்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்து வளர்த்தாங்க. அந்த உடையோட குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் நன்கொடை நிகழ்ச்சிகளுக்கும் போறாங்க.

அப்புறம் வழக்கு வந்துச்சு. 2004-ல ஐன்ஸ்வொர்த் தன் பழைய அச்சுகளை வெச்சு ஹெல்மெட், கவசம் விற்க ஆரம்பிச்சார். லூகாஸ்ஃபிலிம் அமெரிக்காவில வழக்குப் போட்டு 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கிச்சு. பிரிட்டன்ல கதை வேற. 2011 ஜூலை 27-ல அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஹெல்மெட் ஒரு சிற்பம் இல்லை, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள். சிற்பம்னா கிடைக்கிற நீண்டகாலப் பதிப்புரிமை இதுக்குக் கிடையாது. அதேசமயம், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறினதுக்கு பிரிட்டிஷ் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம்னும் சொல்லிடுச்சு. கலை இல்லைன்னு சொன்னதாலதான் அந்த உருவத்தைச் செய்யறதுக்கு அங்கே வழி திறந்துச்சு. விசித்திரம்தான், இல்லையா?

பிளாஸ்டிக்குக்கு முன்னாடியே இந்தச் சிக்கலைத் தீர்த்தவங்க நம்ம பக்கம் இருக்காங்க. சேலம், நாமக்கல் கிராமங்கள்ல கூத்து பார்த்தவங்களுக்கு அந்தக் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் ஞாபகம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தா தங்கமும் ரத்தினமும். கையில எடுத்தா எடையே இல்லாத கல்யாண முருங்கை மரம், மேல கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும். இந்தக் கட்டைகளை வெச்சுத்தான் வட தமிழகத்துல கட்டைக்கூத்துன்னே பேர் வந்துச்சு. துண்டு துண்டா கயிறு போட்டு, ஆடறவர் உடம்புக்கு ஏத்த மாதிரி இறுக்கிக் கட்டிக்கிறாங்க. விடிய விடிய ஆடணும், பாடணும், சுத்திச் சுத்தி வரணும். அதனால முதல் விதி எடை, இரண்டாவது விதி கட்டு. அழகு அதுக்கப்புறம்தான்.

சினிமாவிலும் நம்ம ஊர் பின்தங்கல. ஏற்காடு சாலையில இன்னமும் நிற்கிற அந்த வளைவு டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸோடது. அமெரிக்கக் கம்பெனியோட சேர்ந்து அவங்க எடுத்து 1952-ல வெளிவந்த 'தி ஜங்கிள்' படத்துல, அழிஞ்சு போன மாமத் வரணும். யானைகளுக்கே ரோம உடை போர்த்தி நடக்க விட்டாங்க. யானை நடக்கணும்னா உடை யானைக்குப் பொருந்தணும். அங்கேயும் அதே விதிதான்.

இப்போ கிட்டுக்கு வருவோம். மூணு வழி இருக்கு.

ஒண்ணு, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்ல வார்த்து வர்ற கிட். அசலுக்கு மிக நெருக்கம். ஆனா வெளிநாட்டிலிருந்து வந்தா கப்பல் செலவும் சுங்கமும் சேரும். இரண்டு, 3டி பிரிண்ட். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். சேலத்து மே மாச வெயில்ல பூட்டின கார் டேஷ்போர்டுல ஹெல்மெட்டை வெச்சுட்டுப் போகாதீங்க. ஏ.பி.எஸ். கிட்டத்தட்ட 100 டிகிரி வரை தாங்கும். மூணு, ஈ.வி.ஏ. ஃபோம். குழந்தைகள் விளையாட தரையில விரிக்கிற பாயோட அதே பொருள். கத்தியால வெட்டலாம், ஹீட் கன்ல காட்டி வளைக்கலாம், தப்பாப் போனா இன்னொரு பாய் வாங்கலாம். முதல் கவசம்னா என் ஓட்டு இதுக்குத்தான்.

ஏ.பி.எஸ். தான் வேணும்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பெட்டியில வர்றது கவசம் இல்லை, கச்சாப் பொருள். ஓரமெல்லாம் கூடுதலா விட்டிருப்பாங்க. கத்தியால கோடு கீறி மடக்கினா அந்தக் கோட்டிலேயே உடையும். தொடை, கெண்டைக்கால், கை எல்லாம் இரண்டு பாதியா வரும். உங்க சுற்றளவுக்கு வெட்டி, இரண்டையும் சேர்த்து, இணைப்பு மேல ஒரு பட்டை ஒட்டணும்.

ஒட்டறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் மாஸ்கிங் டேப்பால கட்டிப் போட்டுப் பாருங்க. கறுப்பு உள்ளுடையும் ஷூவும் போட்டே பாருங்க. மாடிப்படி ஏறுங்க. நாற்காலியில உட்காருங்க. குனிஞ்சு தரையிலிருந்து ஒரு பேனாவை எடுங்க. எங்கே குத்துதோ அங்கே பேனாவால குறி போட்டு வெட்டுங்க. அரைமணி நேரம் நடந்து பார்த்த பிறகு பசையைத் திறங்க. பசை காஞ்சா திரும்ப வழி இல்லை.

மூச்சும் வியர்வையும் பிளாஸ்டிக் வழியா போகாது, துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி வழியாத்தான் போகும். அதனால இடைவெளி தெரியுதேன்னு வருத்தப்படாதீங்க, அதுதான் உங்களைக் காப்பாத்துது. கூட ஒரு நண்பரைக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி கொடுக்க, முதுகுப் பட்டையை மாட்ட, படி இருக்குன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். கூத்திலும் வேஷம் கட்டிவிட ஒருத்தர் இருப்பார்.

அடுத்த எபிசோட்ல ஹெல்மெட்டுக்குள்ள ஃபேனும் பேட்டரியும் வைக்கறது பத்திப் பேசலாம். அதுவரை டேப்போட நிறுத்துங்க, பசையைத் தொடாதீங்க.