பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய தலைவர்

கிள்ளான் பட்டணத்திற்கும் துறைமுகத்திற்கும் நடுவே இருக்கும் பண்டமாரானில் இன்று ஒரு ரப்பர் மரத்தைப் பார்க்க வேண்டுமானால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொழிற்சாலைகளும், தாமான் வீடுகளும், கொள்கலன் லாரிகளும் நிறைந்த இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்தது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் சந்தித்துக் கொண்டால் "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்று கேட்பது இன்றும் வழக்கம். தோட்டத்தின் பெயர் உடனே வந்துவிடும். ஆனால், அந்தத் தோட்டம் இப்போது எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வித்துட்டாங்க."

தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டால் தொழிலாளி எங்கே போவான்? வேலையும் அங்கேதான், வீடும் அங்கேதான், பிள்ளை படிக்கும் பள்ளியும் கும்பிடும் கோயிலும் அங்கேதான். ஒரு கையெழுத்தில் இவை நான்கும் போய்விடுகின்றன. மலேசிய இந்தியர் வரலாற்றின் ஆகப் பெரிய கேள்வி இது. இந்தக் கேள்விக்கு 1960-ஆம் ஆண்டிலேயே ஒரு விடையைச் செய்து காட்ட முயன்றவர் துன் வீ.தி. சம்பந்தன்.

பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சுதந்திர வரலாற்றில் துங்கு அப்துல் ரஹ்மான், துன் டான் செங் லோக் ஆகியோருடன் அவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அமைச்சர், கட்சித் தலைவர் என்ற அளவில் அவரை அறிந்தவர்கள் பலர். ஆனால், பதவியால் அவர் செய்தது எவ்வளவு, பதவி இல்லாமலே செய்யக்கூடியதாக இருந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் அவருடைய உண்மையான உயரம் தெரியும்.

சுங்கை சிப்புட் பிள்ளை

சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தந்தை வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். ஆகவே, சம்பந்தன் லயத்து வீட்டில் வளர்ந்தவர் அல்லர். கோலகங்சார் கிளிஃபோர்டு பள்ளியில் படித்துவிட்டு, மேற்படிப்புக்காகத் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அது இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். காந்தியடிகளின் இயக்கம் மாணவர்களைப் பற்றிக்கொண்டிருந்தது. சம்பந்தனும் அதில் ஈர்க்கப்பட்டார். பிற்காலத்தில் அமைச்சரான பிறகும் அவர் வேட்டியும் ஜிப்பாவுமாகப் பொது மேடைகளில் நின்றதற்கு அந்தக் காலமே வித்திட்டது எனலாம்.

போருக்குப் பின் ஊர் திரும்பியவர் கையில் எடுத்த முதல் பணிகளில் ஒன்று கல்வி. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக மகாத்மா காந்தி பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியை உருவாக்கினார். 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார்.

கிள்ளான் கற்பித்த பாடம்

சம்பந்தன் அரசியலுக்கு வருவதற்கு முன்பே கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர்கள் ஒரு கசப்பான பாடத்தைக் கற்றிருந்தார்கள். 1941-இல் இங்குள்ள தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனும் முன்னின்றனர். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் நோயாளிகளுக்கு மருத்துவமும் வேண்டும் என்று கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. சோற்றுக்கு மட்டும் நடந்த போராட்டம் அல்ல அது. மானத்துக்கும் நடந்த போராட்டம்.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தெருவில் இறங்கினால் தோட்டா, நாடு கடத்தல். இதுதான் போருக்கு முந்தைய தலைமுறை கண்ட அனுபவம். அடுத்த தலைமுறைத் தலைவர்கள் பேச்சுவார்த்தை மேசையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த அனுபவத்தையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை இல்லாத சமூகம்

1946-இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசுக்கு ஜான் திவி, புத் சிங், ராமநாதன், தேவாசர் ஆகியோர் அடுத்தடுத்துத் தலைவர்களாக இருந்தனர். 1954-இல் ம.இ.கா. கூட்டணியில் சேர்ந்தது. 1955-இல் சம்பந்தன் தலைவரானார். அவர் காலத்தில்தான் தோட்டத்துத் தமிழர்கள் பெருந்திரளாகக் கட்சிக்குள் வந்தார்கள். படித்தவர்களின் சங்கம் போல் இருந்த கட்சி பாமரர்களின் கட்சியாக மாறியது. தமிழர் கட்சியாகச் சுருக்கிவிட்டார் என்ற குறையும் அப்போதே எழுந்தது.

அதே 1955 ஜூலையில் முதல் பொதுத்தேர்தல் வந்தது. மொத்தம் 52 இடங்களில் கூட்டணி 51-ஐ வென்றது. கிந்தா உத்தாரா தொகுதியில் வென்ற சம்பந்தன், துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேர்தலின் வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். சுமார் 11 விழுக்காட்டினர் சீனர்கள். இந்தியர்கள் உள்ளிட்ட மற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தனித்து நின்றால் ஓர் இடம்கூடக் கிடைக்காத நிலை. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டுதான் சம்பந்தன் பேரம் பேச வேண்டியிருந்தது. "அதட்டிக் கேட்கவில்லை, விட்டுக் கொடுத்தார்" என்று அவரைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பெற வேண்டிய முதல் பொருள் குடியுரிமை. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை கண்முன் இருந்தது. மலாயாவைப் போலவே அங்கும் தமிழர்கள் தோட்ட வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஆனால், 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3 லட்சம் பேருக்கு மட்டும் இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் வகை செய்தது. தொண்டமான் போன்ற தலைவர்கள் பல்லாண்டுகள் போராடித்தான் எஞ்சியவர்களுக்கு உரிமை பெற்றுத் தர முடிந்தது.

மலாயாவில் 1957 அரசியல் சாசனம், சுதந்திர நாளிலும் அதற்குப் பின்னும் இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளையைக் குடிமகனாக ஏற்றது. வெளியில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கும் விண்ணப்பிக்க வழி வைத்தது. அதற்கு மாற்றாக மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையையும் மலாய் மொழியின் இடத்தையும் மற்றச் சமூகங்கள் ஏற்றுக்கொண்டன. இது சம்பந்தன் ஒருவர் சாதித்தது அல்ல. கூட்டணிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு. ஆனால், அந்த மேசையில் இந்தியர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது என்பது சிறிய செய்தியல்ல.

தோட்டத் துண்டாடல்

சுதந்திரம் வந்தது. குடியுரிமைக்குக் கதவும் திறந்தது. ஆனால், புதிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. நாட்டின் எதிர்காலம் குறித்து அஞ்சிய ஐரோப்பிய முதலாளிகள் சிலர் 1950-களில் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கிய வணிகர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, லாபத்துக்கு விற்றார்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் துண்டுகளாகும்போது, அங்கே லயங்கள் தேவையில்லை; மருந்தகம் தேவையில்லை; பள்ளிக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் மூட்டை முடிச்சுடன் சாலைக்கு வந்தார்கள். "தோட்டத் துண்டாடல்" என்ற சொல்லே அன்று தமிழர் வீடுகளில் அச்சத்தைக் கிளப்பியது. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆய்வு செய்து அறிக்கை அளித்தார்.

அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தும், விற்பனையைத் தடுத்து நிறுத்த சம்பந்தனால் முடியவில்லை. தனியார் சொத்தை விற்கக் கூடாது என்று சொல்ல அந்த அரசாங்கம் முன்வரவில்லை. அங்கேதான் அவர் வேறொரு வழியை யோசித்தார். விற்பதைத் தடுக்க முடியாவிட்டால், நாமே வாங்கினால் என்ன?

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். ஒரு நாள் கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில், பத்து வெள்ளி கொடுத்து உறுப்பினராகச் சேருங்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், இது எளிதில் கேட்கக்கூடிய பணம் அல்ல. அரிசிக்கும் பருப்புக்கும் வைத்திருந்த பணம். முன்பின் தெரியாத சங்கத்தை நம்பி அதைக் கொடுப்பதற்குத் தொழிலாளிக்கு ஒரே உத்தரவாதம், கேட்பவர் யார் என்பதுதான். கொடுத்தார்கள். 1961-இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. துண்டாகிப் போக இருந்த தோட்டத்தை, பால் வெட்டும் தொழிலாளிகளின் காசே முழுதாகக் காப்பாற்றியது. பின்னர் ஒன்றன் பின் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. கோலாலம்பூரில் அதன் தலைமையகம் இன்று விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரில் நிற்கிறது.

1941-இல் கிள்ளான் தொழிலாளி, துரையிடம் மரியாதை கேட்டான். இருபது ஆண்டுகளில் அவனைப் போன்ற ஒருவன், துரையின் தோட்டத்துக்கே பங்குதாரன் ஆனான். இந்த மாற்றத்தின் பெருமையை எந்த அமைச்சர் பதவியோடும் ஒப்பிட முடியாது.

ஒரே ஆண்டில் இரு மறைவுகள்

அரசியலில் சம்பந்தனின் கடைசி ஆண்டுகள் இதமாக அமையவில்லை. 1969-ஆம் ஆண்டுத் தேர்தலும் மே 13 கலவரமும் நாட்டின் போக்கை மாற்றின. குடியுரிமை பெறாதவர்கள் வேலை பெர்மிட் பெற வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் தாயகம் திரும்பினார்கள். அமைச்சரவையில் இந்தியத் தலைவர்கள் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கும்படி தோட்ட மக்களை இன்னும் வேகமாகத் திரட்டியிருக்க வேண்டாமா என்ற கேள்விக்குக் கட்சி எளிதில் பதில் சொல்ல முடியாது.

கட்சிக்குள்ளும் பூசல் முற்றியது. எதிரே நின்றவர் டான்ஸ்ரீ வெ. மாணிக்கவாசகம். கிள்ளான் மக்கள் 1959-லிருந்து தங்கள் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து வந்தவர். அடித்தள உறுப்பினர்களிடம் செல்வாக்கு மிக்கவர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தலையிட்ட பின், 1973 ஜூன் 30-ஆம் நாள் சம்பந்தன் தலைவர் பதவியிலிருந்து விலகினார். பதினெட்டு ஆண்டுத் தலைமை முடிவுக்கு வந்தது. மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார். அவரும் கூட்டுறவின் வலிமையை உணர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் காலத்தில், 1974-இல், நேசா கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பதவிக்காக மோதிய இருவரும் சமூகத்துக்குக் காட்டிய வழி ஒன்றாகவே இருந்தது.

சம்பந்தன் 1979 மே 18-இல் காலமானார். ஐந்து மாதம்கூடக் கழியவில்லை. அக்டோபர் 12-இல் மாணிக்கவாசகமும் மறைந்தார். ஒரே ஆண்டில் இரு தலைவர்களை இழந்தது சமூகம். அதன்பின் டத்தோ ச. சாமிவேலுவின் நீண்ட காலம் தொடங்கியது. 1974 முதல் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தொகுதி, சம்பந்தனின் சொந்த சுங்கை சிப்புட்.

எஞ்சி நிற்பது எது?

கூட்டுறவுச் சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிடவில்லை. 1980-களிலும் அதற்குப் பின்னும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியபோது, நிலத்தின் விலை எங்கோ போயிருந்தது. பத்து வெள்ளி சேர்த்து வாங்கக்கூடிய காலம் கடந்துவிட்டது. தொழிலாளர்கள் வீட்டுக்காகவும் இழப்பீட்டுக்காகவும் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. 1960-இல் தொடங்கிய முயற்சியை அதே வேகத்தில் மேலும் பல சங்கங்கள் தொடர்ந்திருந்தால், இன்று கதை கொஞ்சம் மாறியிருக்கலாம்.

ஒரு தலைவரை எடைபோடும்போது அவர் எத்தனை ஆண்டு அமைச்சராக இருந்தார் என்று எண்ணுவது எளிது. தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை என்று சம்பந்தன் வகித்த இலாகாக்கள் பல. அந்த நாற்காலிகளில் அவருக்குப் பின் எத்தனையோ பேர் அமர்ந்துவிட்டார்கள். அரசாங்கம் தராததைச் சமூகமே சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் காட்டியது மட்டும் அவருக்கே உரியது. பண்டமாரானில் இன்று வாங்குவதற்குத் தோட்டம் இல்லை. வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. பத்து பத்து வெள்ளியாகச் சேர்ந்து எதைக் காப்பாற்றிக்கொள்வது என்பதை இந்தத் தலைமுறைதான் முடிவு செய்ய வேண்டும்.