இருவருக்கான சொகுசு: தண்டர்பேர்டின் முதல் மூன்று ஆண்டுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் ஷெவர்லே கார்வெட் என்னும் இரு இருக்கைக் காரைக் காட்சிக்கு வைத்ததும், அதற்கு ஈடுகொடுக்கும் பொறுப்பு ஃபோர்டு பிரிவின் தலைவர் லூயிஸ் குரூசோவையும் வடிவமைப்பாளர் ஃபிராங்க் ஹெர்ஷியையும் சேர்ந்தது. கார்வெட் அன்று பந்தயக் காரின் சாயலை நாடியது. அதன் கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லாததால், மழை வந்தால் தனியே எடுத்துவைத்த பக்கத் திரைகளைப் பொருத்த வேண்டியிருந்தது. 1954 அக்டோபரில் விற்பனைக்கு வந்து 1955 மாடல் என்று கணக்கிடப்பட்ட ஃபோர்டு தண்டர்பேர்டோ, எஃகு உடலும், ஏற்றி இறக்கும் கண்ணாடிகளும், இரு வரிசைகளில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த வி8 இஞ்சினும் கொண்டிருந்ததோடு, விரும்பியோர்க்கு விசையால் நகரும் இருக்கையையும் அளித்தது. பந்தயத்துக்கோ குடும்பத்துக்கோ அன்றி, உரிமையாளரின் சொந்த இன்பத்துக்கு என்ற பொருளில் ஃபோர்டு இதனைப் ‘பெர்சனல் கார்’ என்றே விளம்பரப்படுத்தியது. அந்த மாடல் ஆண்டில் கார்வெட் 700 மட்டுமே தயாரிக்கப்பட, தண்டர்பேர்டின் எண்ணிக்கை 16,155ஐ எட்டியது.

இந்தக் காரின் தனி அழகு, அது தன் குறைகளைத் தீர்த்துக்கொண்ட விதத்தில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. கழற்றி மாட்டத்தக்க கண்ணாடியிழைக் கூரையின் அகன்ற பின்பக்கம் ஓட்டுநரின் பார்வையை மறைத்ததால், கப்பல் சாளரத்தை ஒத்த வட்டக் கண்ணாடிகள் பதித்த கூரை 1956இல் கிடைத்தது. இஞ்சின் வெப்பம் கால்வைக்கும் இடத்தில் தேங்கியதால், முன்சக்கரங்களுக்குப் பின்னுள்ள பக்கத் தகடுகளில் காற்று புகும் சிறு கதவுகள் திறக்கப்பட்டன. பெட்டிகள் வைக்க இடம் போதாமையால் மாற்றுச் சக்கரத்தை வண்டிக்கு வெளியே பின்புறத்தில் நிறுத்தினர். 1957இல் பின்பகுதியையே நீட்டி அதனை மீண்டும் உள்ளே வைத்தனர். தேவையிலிருந்து பிறந்த வட்டச் சாளரமே காரின் அடையாளமாக நிலைபெற்றது, அலங்காரத்துக்கென்றே சேர்க்கப்படும் எதற்கும் எளிதில் வாய்க்காத பேறு எனலாம்.

குரூசோவுக்குப் பின் பொறுப்பேற்றவரும், பிற்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராகவும் உலக வங்கித் தலைவராகவும் விளங்கியவருமான ராபர்ட் மெக்னமாரா, இருவர் மட்டும் அமரும் கார் பெருமளவில் விலைபோகாது எனக் கருதி, 1958 மாடலை நான்கு இருக்கைகளோடு பெரிதாக்கினார். அவ்வாண்டில் 37,892 கார்கள் தயாராகின. வணிகக் கணக்கில் அவர் முடிவு சரியானதே. ஆயினும், பின்னிருக்கை வந்தபின் அது வசதிமிக்க மற்றொரு பெரிய காராகிவிட்டது. தாழ்ந்த உடலும், கைக்கடக்கமான அளவும், உடன்வருபவர் ஒருவரே என்னும் நெருக்கமும் அந்த முதல் 53,166 கார்களோடு நின்றன. பழைய கார்களைச் சேகரிப்போர் இன்றும் அவற்றைத் தனித்துப் போற்றுகின்றனர். ஃபோர்டும் 2002 மாடலாக இரு இருக்கைத் தண்டர்பேர்டை மீண்டும் கொணர்ந்தபோது, வட்டச் சாளரம் கொண்ட கழற்றும் கூரையோடுதான் அதனை வடிவமைத்தது.